திரும்பிப் படுக்க நான்கு நிமிடம்

என் மனைவி செந்தமிழ் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் திரும்பிப் படுக்க நான்கு நிமிடம் ஆகும். செல்போனில் நேரம் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம்.

முதலில் இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இடுப்பில் வெட்டியதுபோல் ஒரு வலி வரும், அது அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மறுபக்கம் பார்க்க வேண்டும். வலது முழங்கையை ஊன்ற வேண்டும். ஒரு காலை இழுத்துப் போட்டு, அடுத்த காலைக் கையால் தூக்கி அதன்மேல் வைக்க வேண்டும். அந்தக் கடைசி அசைவில்தான் வாயைத் தலையணையில் அழுத்திக்கொள்வாள். இப்படி ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு தடவை.

படுத்தபடியே புரண்டால் ஒரு நொடி வேலை. ஆனால் மாசமாக இருப்பவள் அப்படிப் புரண்டால் குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். எழுந்து உட்கார்ந்து, திரும்பி, அதன் பிறகுதான் படுக்க வேண்டும். எங்கள் மரக்காணம் பக்கம் பல வீடுகளில் சொல்வதுதான். மற்ற வீடுகளில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். என் அம்மா கொளஞ்சியம்மாள் தூங்க மாட்டாள். மருமகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டு, வளைகாப்பு வளையல் குலுங்கும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுத்திருப்பாள்.

"ஒக்காந்தியாம்மா?"

"ஒக்காந்தேன் அத்த."

"வளையல் சத்தமே கேக்கல."

"ஒக்காந்துதான் அத்த இருக்கேன். லைட்ட போட்டுப் பாருங்க."

அம்மா லைட்டைப் போட்டே பார்ப்பாள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் என் தங்கை மலர்கொடிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் இரண்டு சுற்று கொடி. குழந்தை அழவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், மலர்கொடியின் மாமியார் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், "சொன்னத கேக்காம பெரண்டு பெரண்டு படுத்தா. அதான் தூக்கிக் குடுத்துட்டா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று என்னை உள்ளே விடவில்லை. நானும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அதன் பிறகு மலர்கொடிக்குக் குழந்தை இல்லை. கிளியனூரில் வாழ்க்கைப்பட்ட அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது என் கல்யாணத்துக்கு மட்டும்தான். அன்றைக்கும் சாப்பிட்ட கையோடு போய்விட்டாள்.

செந்தமிழுக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு முடிந்தும் அவள் எங்களோடுதான் இருந்தாள்.

நான் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டுகிறவன். எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் சில்வியாவிடம் இந்த வலி ஏன் என்று கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினார். இடுப்பு ஒரே எலும்பு இல்லை. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி இரண்டு, முன்னாலும் பின்னாலும் கட்டுப்போட்டு இணைத்தது போல இருக்கும். குழந்தைக்கு வழிவிடுவதற்காக உடம்பே அந்தக் கட்டுகளை மெல்லத் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில் எலும்பு லேசாக ஆடுகிறது. ஆடினால் வலிக்கிறது.

எனக்கு அது உடனே பிடிபட்டது. மோட்டாரைச் சிமென்ட் மேடையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருப்போம். ஒரு போல்ட் தளர்ந்தாலும் ஓடும், ஆனால் ஒரு பக்கம் முந்த ஒரு பக்கம் பிந்த, அதிரும். செந்தமிழ் எழுந்து உட்கார்ந்து திரும்பும்போது நடப்பதும் அதுதான். ஒரு கால் முந்துகிறது, மற்றது பின்தங்குகிறது. தளர்ந்த கட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

ஒரு ராத்திரி அவள், "இனிமே நான் திரும்பவே போறதில்ல" என்று சொல்லிவிட்டு விடியும்வரை இடது பக்கமாகவே கிடந்தாள். காலையில் இடது காலைத் தரையில் வைக்க முடியவில்லை. கக்கூசுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அன்று முழுக்க உப்பளத்தில் எனக்கு வேறு நினைப்பில்லை.

பதில் கண்ணெதிரிலேயே இருந்தது. உப்பு மூட்டையைத் திருப்ப ஒரு முனையை மட்டும் பிடித்து முறுக்கினால் தையல் பிரிந்துவிடும். இரண்டு பேர் இரண்டு முனையையும் ஒன்றாகப் புரட்டினால் ஒன்றும் ஆகாது. அப்படியென்றால் முட்டி இரண்டையும் சேர்த்து, நடுவில் தலையணை வைத்து, உடம்பு மொத்தத்தையும் ஒரே துண்டாகத் திருப்ப வேண்டும். அவள் பலத்தில் வேண்டாம். பழைய நூல் சேலை ஒன்றை நான்காய் மடித்து இடுப்புக்கு அடியில் விரித்துவிட்டால், ஒரு பக்கத்து ஓரத்தை நான் இழுக்கலாம்.

இரண்டு நாள் கழித்து அனுமந்தையில் ஒரு சாவு. அம்மா ராத்திரி அங்கேயே தங்கிவிட்டாள்.

"வாணாங்க" என்றாள் செந்தமிழ். "அத்தைக்குத் தெரிஞ்சா?"

"அம்மா அனுமந்தையில இருக்குது. வளையல் சத்தம் அவ்ளோ தூரம் கேக்காது."

"கொடி சுத்திக்கிச்சின்னா?"

"ஒக்காந்து திரும்பினாலும் திரும்பறதுதானே? கொழந்தைக்கு இன்னா தெரியும் நீ எந்த வழியா வந்தேன்னு?"

அவள் வலியோடும் சிரித்தாள். முட்டியைச் சேர்த்துக்கொண்டாள். நான் சேலையை மெதுவாக இழுத்தேன். ஒரே சுற்று. மறுபக்கம் போய் என்னைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

பதினோரு மணிக்குத் தூங்கியவள் நான் நான்கு மணிக்கு மோட்டார் போடக் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பல வாரங்களாக அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. உப்பளத்துக்கு விசில் அடித்துக்கொண்டே போனேன்.

பத்து மணிக்கு போன் வந்தது.

"ஏங்க. புள்ள அசையலங்க."

சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணிப் பார், ஒரு மணி நேரத்தில் மூன்று தடவையாவது அசைய வேண்டும் என்று சில்வியா சொல்லியிருந்தார். காலையிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. அதுவும் காலையில் துள்ளிக் குதிக்கும் குழந்தை. மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் பாதிப் பாத்திக்குத்தான் பாய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அப்போதுதான் அனுமந்தையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் குளிக்காமல் உள்ளே வர மாட்டாள். ஆனால் திறந்திருந்த கதவு வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பாய்மேல் நான்காய் மடித்த சேலை. நடுவில் பள்ளம் விழுந்த தலையணை. நான் செந்தமிழைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பெரட்டனியாடா?"

நான் செந்தமிழின் செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன்.

"உன்னத்தான் கேக்கறேன். பெரட்டனியா?"

"புள்ள அசையலம்மா. வுடு, போவணும்."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். செந்தமிழின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலடியில் தேங்கியது.

"படிச்சி படிச்சி சொன்னேன்" என்றாள் சாலையைப் பார்த்தபடி. "ஒண்ண பறிகொடுத்து ஏழு வருஷம் ஆவுது. மோட்டார் ஓட்டறவனுக்கு எல்லாம் தெரியும்."

செந்தமிழ், "நான்தான் அத்த திருப்பச் சொன்னேன்" என்றாள். அது பொய்.

எனக்கு அந்த வழியெல்லாம் ஒரே கணக்குதான் ஓடியது. நான் எந்தப் பக்கம் இழுத்தேன்? வலமாக. கொடி எந்தப் பக்கம் சுற்றியிருக்கும்? திரும்ப இடமாக ஒரு தடவை புரட்டினால் அவிழ்ந்துவிடுமா? இதையெல்லாம் தீவிரமாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சில்வியா எதுவும் கேட்காமல் செந்தமிழைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜெல்லைத் தடவி, கையடக்கக் கருவி ஒன்றை வைத்தார். அது ஒரு ஒலியை உள்ளே அனுப்புகிறது. துடிக்கிற இதயத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த ஒலி மாறும், அந்த மாற்றத்தைத்தான் நாம் கேட்கிறோம். இது பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் கரகரவென்ற இரைச்சல் மட்டும். கருவி இடது பக்கம் நகர்ந்தது. இரைச்சல். கீழே நகர்ந்தது. இரைச்சல். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

பிறகு தொப்புளுக்கு வலப்பக்கம், கீழே, குதிரை ஓடுவதுபோல் ஒரு சத்தம்.

"நூத்தி நாப்பத்தி நாலு" என்றார் சில்வியா. "நல்லா இருக்குது. காலையில இன்னா சாப்ட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர். லேட்டா எழுந்தேன். அப்பறம் பயத்துல…"

"மொதல்ல ஜூஸ் குடி."

வயிற்றில் பெல்ட் கட்டி, ஓடும் காகிதத்தில் துடிப்பைப் பதிய வைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து செந்தமிழின் முகம் மாறியது. "ஒதைக்குது" என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில், "திரும்பவும் ஒதைக்குது" என்றாள். காகிதத்தில் கோடு அந்தந்த இடத்தில் மேலே ஏறி இறங்கியது. டாக்டரும் வந்து காகிதத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"கொழந்தையும் தூங்கும்மா" என்றார் சில்வியா. "ஆனா அசைவு கொறைஞ்சா தூங்குதுன்னு நீங்களா நெனச்சிக்கக் கூடாது. இப்ப வந்த மாதிரி ஒடனே வந்துடணும்."

அம்மா முன்னால் வந்தாள். "இவன்தான் சிஸ்டர். படுத்தபடியே பெரட்டிவுட்டான். சேலைய போட்டு, மூட்டைய பெரட்டற மாதிரி."

சில்வியா என்னைப் பார்த்தார். "முட்டிய சேத்து வச்சா?"

"ஆமா. நடுவுல தலகாணி."

"அப்படித்தான் திரும்பணும். நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க."

"கொடி?" என்றாள் அம்மா.

"கொழந்த தண்ணியில மெதக்குதும்மா. அதுவா உள்ள நீந்தும்போதுதான் கொடி சுத்துது. நாலஞ்சி கொழந்தையில ஒண்ணு கொடி சுத்தித்தான் பொறக்குது. பெரும்பாலும் ஒண்ணும் ஆவறதில்ல. எப்பவாவது ஒண்ணுக்கு இறுகிடுது. அம்மா எப்படிப் படுத்தாங்கன்றதுக்கும் அதுக்கும் சம்மந்தமே கெடையாது."

"பெரண்டு படுத்தாலும்?"

"எப்படிப் படுத்தாலும்."

"யாருக்குமேவா?"

சில்வியாவுக்கு மலர்கொடியைத் தெரியாது. "யாருக்குமே இல்லம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது அம்மாவின் ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் அவளுக்குப் புரியவைக்கலாம் என்று ஒரு தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டேன். பழத்தின் காம்புப் பக்கம் கதவைப் பார்த்திருந்தது. வாளியைச் சட்டென்று பாதிச் சுற்று திருப்பினேன். வாளி திரும்பியது, காம்பு கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. இது முழுக்கச் சரியான உவமை இல்லை. எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் அவ்வளவு இடம் கிடையாது. அதையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வாளியைத் தன் பக்கம் இழுத்து ஒரு தடவை திருப்பினாள். இன்னொரு தடவை. விளக்கு வைக்கும் நேரம்வரை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "மலருக்கு போனப் போடு" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் டிவி ஓடும் சத்தம்.

"சொல்லுண்ணா. அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நான்தான் மலரு" என்றாள் அம்மா. டிவி சத்தம் நின்றது. "ஒண்ணு கேக்கறேன். அப்ப… நீ மாசமா இருந்தப்ப, படுத்தபடியே பெரண்டியா?"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"ஒரு நாளும் பெரளலம்மா" என்றாள் மலர்கொடி. "கடைசி வரைக்கும் எழுந்து ஒக்காந்துதான் படுத்தேன். இடுப்பு கழண்டுபோற மாதிரி வலிக்கும். அழுதுக்கினே ஒக்காருவேன். ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். நீ கேக்கல."

அம்மா வாளியைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணன் பக்கத்துல இருக்குதா?"

"இருக்கேன் மலரு."

"நீயுந்தான் கேக்கல" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும். செந்தமிழ் மெல்ல, "திரும்பணுங்க" என்றாள். நான் எழுவதற்குள் அம்மா எழுந்து சேலையின் ஓரத்தைப் பிடித்துவிட்டாள்.

"முட்டிய சேத்துக்கோம்மா."

"சேத்துட்டேன் அத்த."

அம்மா இழுத்தாள். என்னைவிட மெதுவாக, என்னைவிட நன்றாக இழுத்தாள். செந்தமிழ் திரும்பிப் படுத்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "அசையுது" என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அம்மா படுக்கவில்லை. சேலை ஓரத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு நான் கிளம்பும்போது அவள் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளியனூருக்கு மொத பஸ் எத்தனை மணிக்குடா?"

"நேரா கெடையாது. திண்டிவனம் போயி, அங்க பாண்டி பஸ் ஏறணும். அஞ்சரைக்கு ஒண்ணு இருக்குது. ஆனா எல்லா பஸ்ஸும் கிளியனூர்ல நிக்காது, கண்டக்டரக் கேட்டுட்டு ஏறு."

தலையாட்டினாள். ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"கதவத் தொறக்கலன்னா?"

"ஸ்டாப்பிங்ல டீக்கடை இருக்குது. ஒக்காந்திரு" என்றேன்.