உள்ளே இருப்பது டைவோ

...ஆஸ்பத்திரிக் கதவு திறந்ததே, அதைக் குறை சொல்லக் கூடாது, என்னோடு பிறந்த கெஹிண்டேயின் வியர்த்து வழியும் முகத்தை வாசலில் முகம் பார்க்கும் அந்தப் பெட்டி ஒரு பார்வை பார்த்தது, பச்சை விளக்கைப் போட்டது, "நல்வரவு, டைவோ" என்றது, டைவோ நான்தானே, தள்ளுகட்டிலுக்குப் பின்னால் அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், கெஹிண்டே என் மணிக்கட்டை இறுக்கினான், குடல் முறுக்கிக்கொண்ட மனிதனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ... மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால்? காப்பீட்டில் இல்லாதவர் முதலில் பணம் கட்ட வேண்டும், எங்களிடம் கட்ட இருந்தது அந்தச் செருப்பு ஒன்றுதான். இப்போது அவன் என் பெயரில் உள்ளே படுத்திருக்கிறான், நான் எந்தப் பெயரில் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்?

பெட்டியை மட்டும் சொல்வானேன், எங்கள் ஊரும் லேசுப்பட்டதில்லை. இபாதான் நகரத்துக்கு மேற்கே அந்தப் பக்கம் வந்தால் தெரியும், வெண்டை இலைக் குழம்பு தின்பதால் என்பார்கள், தண்ணீர் என்பார்கள், எதுவோ, வீட்டுக்கு வீடு இரட்டை, ஆடு ஒற்றைக் குட்டி போட்டால் வெட்கத்தில் புல் தின்னாது, என் கண்ணால் பார்த்தது. எந்த வீட்டிலும் முதலில் வெளியே வருகிறவன் டைவோ, பின்னால் வருகிறவன் கெஹிண்டே, ஆனால் பின்னவன்தான் அண்ணன், உலகம் எப்படி இருக்கிறது பார்த்துச் சொல்லு என்று தம்பியை முன்னால் தள்ளிவிட்டவன் அவன் அல்லவா... அரசாங்கத்தின் காப்பீட்டு வண்டி வந்தபோதும் என்னைத்தான் தள்ளினான், "நீ போய்க் காட்டிட்டு வாடா, கடிக்குதா பாத்துச் சொல்லு." இனி ஏழை பணக்காரன் கிடையாது, லஞ்சம் கிடையாது, முகத்தைக் காட்டினால் வைத்தியம் என்று ஒலிபெருக்கி கத்தியது, நல்ல ஏற்பாடு, இல்லை என்று சொல்வேனா, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஒரு முகம் இருக்கிறதே. முகத்துக்கு ஒருவன்தான் என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு வாரம் தங்க வந்த வண்டி மத்தியானமே கிளம்பிவிட்டது, பாதி ஊரைப் படம் எடுத்தவுடன் மீதிப் பாதியை "ஏற்கெனவே பதிவானவர்" என்றதாம் பெட்டி, இவ்வளவு சீக்கிரம் ஒரு ஊரையே முடித்ததற்காக அந்த வண்டிக்கு மாலை போட்டார்கள் என்று கேள்வி. கெஹிண்டேக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரே வயித்துல இருந்தோம், ஒரே அட்டையில இருக்க முடியாதா?" மறுபடி போய்த் திருத்தியிருக்கலாம், யார் போவது, நான்தான் போக வேண்டும், போனேன், வேறு நகரத்துக்குப் போகச் சொன்னார்கள், அப்புறம் மழை, அப்புறம் அறுவடை...

நர்ஸ் அபியோனா வந்தாள், நல்ல பெண், கண்ணில் இரவெல்லாம் விழித்த சிவப்பு, கையில் பலகை மாதிரி தட்டையாக இன்னொரு பெட்டி. சொந்தக்காரர் சம்மதம் வேண்டும், முகத்தைக் காட்டினால் போதுமாம், டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாராம். காட்டினேன். சிவப்பு. மறுபடி காட்டினேன், தொப்பியைக் கழற்றி, சிரித்து, சிரிக்காமல். "இவர் நோயாளி. அறுவைக் கூடத்தில் இருக்கிறார்" என்றது பெட்டி. பக்கத்து பெஞ்சில் எங்களை ஏற்றி வந்த லாசிசி, இலையில் பயற்று வடையை வைத்துக்கொண்டு, "பாபா, நீங்க உள்ள இருக்கீங்களாம், அப்ப எனக்கு வாடகை யாரு தர்றது?" என்றான், அவனுக்கு எப்போதும் விளையாட்டு. கெஹிண்டேயின் மகன் லாகோஸில், போனை எடுக்கவில்லை, வேறு யாரும் இல்லை. அபியோனா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், ஏதோ புரிந்துபோன முகம். "உங்க பேரச் சொல்லிடாதீங்க பாபா. சொன்னீங்கன்னா நான் ஃபைல மூடணும், திங்கக்கிழமைதான் புதுசு திறப்பாங்க." பிறகு மெதுவாக, "நோயாளியே சம்மதிச்சதா போடறதுக்கும் ஒரு பொத்தான் இருக்கு" என்றாள். அழுத்தினேன். என் வயிற்றைக் கிழிக்க நானே சம்மதித்தேன், பச்சை விளக்கு எரிந்தது, அவள் ஓடினாள், உடனே என் சட்டைப்பையில் போன் துடித்தது, "அன்புள்ள டைவோ, உங்கள் அறுவை தொடங்குகிறது. எதையும் உண்ண வேண்டாம்." லாசிசி நீட்டிய வடை பாதி என் வாயில். துப்பிவிட்டேன். ஏன் துப்பினேன்?

போய்விட்டால்... அவன் போய்விட்டால் நான்தான் போனேன் என்று எழுதுவார்கள், என்னைப் புதைத்துவிட்டு நான் வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும், டிக்கெட் கேட்டால் என்ன சொல்வது... சிரிப்பு வருகிறது, வரக் கூடாது. அவனுக்காகப் பயப்படுகிறேனா, பெயருக்காகவா? அந்த வண்டியில் இருந்த பெண் கேள்வி கேட்டாளே, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா, எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்று சொன்னேன்... ஒத்துக்கொள்ளாத மருந்து. ஐயோ. சின்ன வயதில், பாதிரிமார் மருந்தகத்தில், இருவருக்கும் ஒரே காய்ச்சல், இருவருக்கும் ஒரே ஊசி, ஒருவன் முகம் மட்டும் ஊதிய தோல்பை மாதிரி வீங்கி ஒரு கண்ணே மூடிப்போயிற்றே! கெஹிண்டேக்கு. ஆமாம், கெஹிண்டேக்குத்தான். உள்ளே அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது என்னுடைய "இல்லை, இல்லை, இல்லை."

எழுந்து கதவைத் தட்டினேன், லாசிசி கையைப் பிடித்தான், உதறினேன், முகத்தைக் காட்டினால் திறக்கும் கதவு, "டைவோ உள்ளே இருக்கிறார்" என்கிறது, இருக்கட்டும், உதைத்தேன். அபியோனா தலையை நீட்டினாள், முகமூடிக்கு மேலே அந்தச் சிவந்த கண். ஊசி, என்றேன், பாதிரி மருந்தகத்து ஊசி, உள்ளே இருக்கிறவனுக்கு ஆகாது. "ஃபைல்ல ஒண்ணும் இல்லைன்னு இருக்கே பாபா, நீங்களே சொன்னதுதானே!" ஃபைல் நான், என்றேன், உள்ளே அவன். அவள் கண் விரிந்தது. "நிச்சயமாத் தெரியுமா? வேற ஊசி போட்டா அதுலயும் வில்லங்கம் இருக்கு, சொல்லுங்க சீக்கிரம், நிச்சயமா?" நிச்சயம், என்றேன். கதவு மூடிக்கொண்டது, உள்ளே ஓடும் காலடி, யாரோ ஒருவர் குரல், அப்புறம் ஒன்றும் இல்லை. போட்டுவிட்டார்களா, இனிமேல்தானா? அம்மா அந்த ஊசிக் கதையை ஒரு நாள் அவனை வைத்துச் சொல்வாள், ஒரு நாள் என்னை வைத்துச் சொல்வாள், நாங்கள் இருவரும் தலையாட்டுவோம். வீங்கிய முகம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, மூடிய ஒரு கண், பிதுங்கிய உதடு, நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்... ஆனால் அந்த மருந்தகத்துச் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று மாட்டியிருந்ததே.