நின்றபடி கரைக்கு வந்தவர்

ஐம்பத்தெட்டாம் வருஷ ஐப்பசியில் பக்கத்து வீட்டு அம்மாவாசை கட்டுமரத்தில் அலைமேல் நின்றபடி கரைக்கு வந்ததை வைத்திக்குப்பம் முழுக்கப் பரப்பியது நான்தான். பனை உயர அலை என்றேன். பாதிப் பனை இருக்கும்.

பெரிய அலையில் கட்டுமரத்தைக் கரைக்கு விடும்போது எங்கள் ஆட்கள் மண்டிபோட்டுத்தான் துடுப்பைப் பிடிப்பார்கள். எழுந்தால் மரம் கவிழும். அம்மாவாசையோ ஐம்பது வயதில் பின்பக்கம் கம்பம் மாதிரி நின்று வந்தார். கரையில் உலாத்திய பிரெஞ்சு வாத்தியார் முசே ஒருத்தர் கைதட்டினார். அவர் தேசத்தில் போன வருஷம்தான் பலகைமேல் நின்று அலையேற ஆரம்பித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை போட்டோப் பெட்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த வயசுல உங்க வூட்டுக்காரருக்கு மினுக்கு கேக்குது" என்று பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் வேலிக்கு இப்பாலிருந்து சொன்னேன். அவள் நொச்சியிலை வதக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அம்மாவாசையின் வலது முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மடக்க வரவில்லை. மண்டிபோட முடியாமல்தான் மனிதர் நின்றிருக்கிறார்.

"வெளிய சொல்லிடாதக்கா" என்றாள் அவள், அலுத்த குரலில். "தெரிஞ்சா மரத்துல ஏத்தமாட்டாங்க. கரையில வல பிரிக்க உக்காத்தி வச்சிடுவாங்க. அதுக்கு இந்த ஆளு செத்தே போவாரு."

என் வாயை எனக்கே தெரியும். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கரை நிறையக் கூட்டம். எல்லாம் நான் சேர்த்தது. அலை முறியும் இடத்துக்கு அப்பால் மரம் காத்துக்கிடந்தது. முன்னால் அம்மாவாசையின் மச்சினன் கன்னியப்பன், பின்னால் அவர். மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டார்கள். "பயந்துட்டாரு" என்றான் வேறொரு மரத்தில் போகிற தட்சிணாமூர்த்தி. நாலாவது தூக்கியது. அம்மாவாசை நின்றார். மரம் ஒரு பக்கம் சாய, கன்னியப்பன் மறுபக்கம் உடம்பைச் சாய்த்தான். நுரையோடு வந்து மணலில் இடித்து நின்றது. முசே படம் பிடித்தார்.

எல்லாரும் கூப்பிட்டும் அவர் இறங்கவில்லை. காலைத் தூக்கி வைக்க முடிந்தால்தானே.

கன்னியப்பன் தோளைக் கொடுத்தான். "சாமி தானா இறங்குமா? நாமதான் இறக்கணும்" என்று உரக்கச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தான். பிறகு தணிந்த குரலில், "எத்தினி நாளா மாமா?"

"பதினஞ்சு."

"பத்து நாளா எனக்குத் தெரியும். நீ நின்னே வா. மரம் சாயாம நான் பாத்துக்கறேன்."

பக்கத்திலேயே நின்ற எனக்குத்தான் அதுவும் கேட்டுத் தொலைத்தது. வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை.

இப்போது குப்பத்தில் பாதிப் பேர் நின்றபடிதான் கரைக்கு வரப் பார்க்கிறார்கள். தட்சிணாமூர்த்திக்கு இரண்டு பல் போயிற்று. போனவாரம் வாயைப் பொத்திக்கொண்டே அம்மாவாசையிடம் வந்தான்.

"எப்பிடி நிக்கறதுண்ணே? சூட்சமத்தச் சொல்லு."

அவர் அவனைக் களைப்போடு பார்த்தார்.

"முட்டிய மடக்காத" என்றார்.