இரண்டாவது டாங்க்

தரைப்பாலத்துத் தண்ணீரை விட்டு ஜீப் மேட்டில் ஏறியதும் சுகுமார் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தான். பின்சீட்டில் இருந்த ஜான்சனின் முகம் வெளுத்தது அப்போதுதான். தண்ணீருக்குள் இருந்த நேரமெல்லாம் மனுஷன் தைரியமாகத்தான் இருந்தார். மனைவி ஏஞ்சலின் தோளை அணைத்தபடி, "அவ்ளோதான், வந்துட்டோம்" என்று அவளுக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். கரையேறின பிறகு ஏன் முகம் வெளுக்க வேண்டும்? ஜீப்புக்கு அடியில் அவர் கையால் செய்து மாட்டிய டீசல் டாங்க் நினைவுக்கு வந்துவிட்டது.

ஜான்சன் பெருநகர் என்கிற ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று வருஷக்கணக்காக அதே வேலை. சுகுமாருக்கு விவசாயம் உண்டு, கூடவே ஒரு பைத்தியமும் உண்டு. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பெரிய டயர் மாட்டி, ரோடே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டுகிற பைத்தியம். இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் வேண்டுமென்றே சேற்றில் இறங்கி, மாட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் கயிறு கட்டி இழுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். அந்தக் கூட்டம் இந்தத் தடவை ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போவதாக ஏற்பாடு. மணலில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் வண்டி டீசலைக் குடித்துத் தள்ளும். அங்கே பங்க்கும் சீக்கிரத்தில் கண்ணில் படாது. அதனால் இன்னொரு டாங்க் வேண்டும் என்று சுகுமார் பட்டறையில் வந்து நின்றான்.

ஜான்சன் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். அடியில் கிடைத்த இடத்துக்கு ஏற்ப அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, பிறகுதான் ஷீட்டில் கை வைத்தார். ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று சுகுமார் சொன்னதால் டீசலை உறிஞ்சும் குழாயை டாங்கின் அடிமட்டத்திலேயே பொருத்தினார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு நீளமாக ரப்பரில் ஒரு பிரீதர் குழாய் வேண்டும். அதன் வாயை எங்கே விடுவது? பாலைவனம் என்றால் மணல், புழுதி. ஆகவே பின்சக்கரத்துக்கு உள்பக்கமாக, புழுதி அடிக்காத மறைவில், தரையைப் பார்க்கும்படி தாழ்த்தி விட்டார். பாலாற்றையும் செய்யாற்றையும் பார்த்து வளர்ந்த ஆள். இந்தப் பக்கத்தில் ஆறு என்றால் மணல், மணல் என்றால் லாரி. தண்ணீரில் முங்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ராஜஸ்தானுக்குப் புறப்படும் முன்னால் மழை வந்துவிட்டது. நாள் கணக்கில் விடாமல் அடித்த மழையில் பாலாறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. காஞ்சிபுரம் போகிற பாலத்தை மூடிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஏஞ்சலுக்கு டயாலிசிஸ் நடப்பது காஞ்சிபுரத்தில்தான். ஒரு முறை தவறிப்போனது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடியச் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். இன்றைக்குள் எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவரே பேசி வைத்தார். கார் வைத்திருக்கிறவர்கள் அந்த வழியில் ஓடைத் தரைப்பாலம் முங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். சுகுமார் மட்டும் தானாகவே வாசலில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அந்த ஜீப்தான் இப்போது கதவின் அடி முங்கத் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறது.

சைலென்சர் அந்த டாங்கை ஒட்டித்தான் போகிறது. சூடாக இருந்த டாங்க் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கினால் குழாய் வழியாக எதையாவது உறிஞ்சும். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். டீசலைவிடத் தண்ணீர் கனம், நேராக அடிக்குப் போய் உட்காரும். அடியில்தான் ஜான்சன் உறிஞ்சு குழாயை வைத்திருக்கிறார், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று. ஆக, இரண்டாவது டாங்கைத் திறந்ததும் இன்ஜின் முதலில் குடிக்கப்போவது ஓடைத் தண்ணீரை. குடித்தால் நின்றுவிடும். நடுரோட்டில் நின்றால் ஏஞ்சலை எதில் கொண்டுபோவது?

முதல் டாங்கில் ஓடுகிறவரைக்கும் ஆபத்தில்லை. ஜான்சன் எட்டி மீட்டரைப் பார்த்தார். முள் கால் டாங்குக்கும் கீழே இருந்தது.

"இன்னாணா பாக்கற, டீசலா?" என்றான் சுகுமார். "பங்க்ல ஸ்டாக் வர்லணா. அதுக்கு இன்னா, நீ செஞ்ச டாங்க்ல பாதிக்கு மேல கீது. இது தீந்துச்சின்னா அத்த தொறந்து வுட்டுக்கினு போய்க்கினே இருக்கலாம்."

"ம்" என்றார் ஜான்சன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் சுகுமார், "அக்கா, ஒங்க வூட்டுக்காரரு கை வேல கை வேலதான். நம்ப பசங்க நாலு பேரு ஞாயித்துக்கெழம பட்டறைக்கு வராங்கோ. ஆளுக்கு ஒரு டாங்க் வோணுமாம்" என்று ஏஞ்சலிடம் சொல்லிவிட்டான்.

ஜான்சனின் அப்பா சுகுமார் வீட்டுக் கழனியில் கூலிக்கு அறுத்தவர். அவரை அந்த வீட்டில் யாரும் மரியாதையாகக் கூப்பிட்டு ஜான்சன் கேட்டதில்லை. இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை வார்த்தைக்கு வார்த்தை அண்ணா என்கிறான் என்றால், அது இந்தக் கை செய்கிற வேலைக்காக. அந்த வேலையில் ஓட்டை என்று அவனிடமே எப்படிச் சொல்வது?

சொல்லாமல் இருப்பதற்குக் காரணமா கிடைக்காது? தண்ணீர் போகாமலேயே இருந்திருக்கலாம். முதல் டாங்கிலேயே செங்கல்பட்டு போய்ச் சேர்ந்துவிடலாம். இப்போது நிறுத்தி, மழையில் அடியில் புகுந்து, கழற்றி மாட்டினால் நேரம் போகும். ஏஞ்சலுக்குத்தான் அது கெடுதல். கடைசிக் காரணம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவள் நன்மைக்காகத்தான் சும்மா இருக்கிறோம் என்று ஆகிவிட்டதல்லவா.

உத்திரமேரூரைத் தாண்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒன்றும் இல்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டே இருந்தது, வைப்பர் துடைக்கிறதா பூசுகிறதா என்று தெரியவில்லை. ஜான்சன் முள்ளைப் பார்ப்பார், ஏஞ்சலின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார், மறுபடி முள்ளைப் பார்ப்பார். உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஏஞ்சல் அதைக் கவனித்தாள். வீங்கிப்போன விரல்களால் அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாயா, ஒடம்பு இப்டி நடுங்குது?"

"ஒண்ணும் இல்ல. குளுரு."

"பயப்படாதயா. எனக்கு ஒண்ணும் ஆவாது." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "இத்தினி வருசம் இருந்துட்டன், இந்த மழையிலயா பூடப் போறன்?"

அவள் தேற்றத் தேற்ற அவருக்கு இன்னும் கூசியது. கையை இழுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

ஒரு கூட்டுரோட்டில் மழைக்கோட்டுப் போட்ட போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். நேர்ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டதாம், வலது பக்கம் கிராமத்து வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். சுற்று என்றால் எவ்வளவு என்று சுகுமார் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. திரும்பின ரோடு ரோடாகவே இல்லை, செம்மண் குழம்பு. சுகுமார் நாலு சக்கரத்தையும் போட்டு, சின்ன கியரில் உறுமிக்கொண்டு போனான். ஜான்சனுக்கு ஒவ்வொரு உறுமலும் டீசல் கொட்டுகிற சத்தமாகக் கேட்டது. முள் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது.

ஏஞ்சல் பேச்சை நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள். உதடு கறுத்திருந்தது. "ஏஞ்சலு" என்று கூப்பிட்டார். கண்ணைத் திறந்து பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

ஒரு ஏரிக்கரை முடிகிற இடத்தில் சுகுமார் பிரேக் போட்டான். ஏரி நிரம்பிக் கோடி போகிறது. வழிகிற தண்ணீர் ரோட்டின் குறுக்கே, நல்ல அகலத்துக்கு, காலை வாரிவிடுகிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சரிவில் வேலிமரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது.

"முட்டிக்கு மேல இருக்காது. வுட்டா போய்டும், நடுவுல மட்டும் நிக்கக் கூடாது" என்றான் சுகுமார். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த வால்வை நோக்கிக் கையை விட்டான். "எதுக்கும் டாங்க இப்பவே மாத்திக்கினு எறங்கலாம்."

ஜான்சன் பின்னாலிருந்து பாய்ந்து அவன் தோளைப் பிடித்தார்.

"தம்பி, தொறக்காதீங்க."

"ஏண்ணா?"

"அதுல தண்ணி பூந்திருக்கும். பிரீதர் கொயாய எறக்கி வுட்டுட்டன். தரைப்பாலத்துல முங்கிடுச்சி. தொறந்தா நடுவுலயே நின்னுடும்."

சொல்லியாயிற்று. சுகுமார் திரும்பி அவரைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று ஜான்சன் காத்திருந்தார்.

"தரைப்பாலம் தாண்டறப்பவே தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"அங்கயே சொல்லக் கூடாதாணா? அங்க மேடு, ஆளுங்க இருந்தாங்கோ. இங்க பாரு." அவ்வளவுதான் சொன்னான். டூல் பையை எடுத்து நீட்டினான். "சட்டுனு பாரு. அக்காவுக்கு முடியல."

ஜான்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் மல்லாந்து ஜீப்புக்கு அடியில் புகுந்தார். டாங்கின் அடியில் ஒரு போல்ட் இருந்தது, என்றைக்காவது கழுவ வேண்டும் என்றால் கழற்றுவதற்கு. ஸ்பானர் இரண்டு முறை வழுக்கியது. ஒரு சொட்டுத் தண்ணீரும் போயிருக்கக் கூடாது, அப்படி இருந்தால் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்ததில் தப்பே இல்லை என்று அந்த நேரத்திலும் மனம் கணக்குப் போட்டது. போல்ட் இளகியது. முகத்தில் கொட்டியது தண்ணீர். கலங்கல் தண்ணீர், சேற்று வாசனையோடு, நிற்காமல் கொட்டியது. ஒரு சொம்புக்கு மேல் இருக்கும். விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழப்பு வரவில்லை. இன்னும் வரவில்லை. மேலே ஏஞ்சல் இருமுவது கேட்டது. கடைசியில் விரல் வழுக்கியது, டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. மேலும் கொஞ்சம் போகவிட்டு போல்ட்டை இறுக்கினார். குழாயை மறைவிலிருந்து பிடுங்கி, மேலே இழுத்து, கம்பியால் ஜீப்பின் கூரைச் சட்டத்தில் கட்டினார்.

சுகுமார் வால்வைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, அடங்கப் பார்த்தது, பிறகு பிடித்துக்கொண்டது. ஜான்சன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜீப் தண்ணீரில் இறங்கியது. பக்கவாட்டில் ஒரு முறை தள்ளியது. சுகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சீராக ஓட்டினான். முன்சக்கரம் எதிர்க்கரையைத் தொட்டது. பின்சக்கரமும் தொட்டது. இன்ஜின் நிற்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பெரிய ரோடு வந்தது. லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. சுகுமார் தளர்ந்து உட்கார்ந்தான்.

"டாங்க் ஒண்ணும் கொறையில்லணா," என்றான். "பசங்க ஞாயித்துக்கெழம வரட்டும். கொயாய மட்டும் எல்லாருக்கும் மேல ஏத்தி வுட்டுடு. எவன் எந்தத் தண்ணில எறக்குவான்னு சொல்ல முடியாது."

ஜான்சனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதற்கா பயந்தோம்? வேலை போகவில்லை, பேர் போகவில்லை, அண்ணா என்கிற சொல்கூடப் போகவில்லை. டீசலும் சேறும் வழிகிற முகத்தோடு மனைவி பக்கம் திரும்பினார்.

ஏஞ்சல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

"தரைப்பாலத்துலயே தெரியுமா ஒனக்கு?"

அவர் தலையாட்டினார்.

"ஒன் மொவம் வெளுத்தத பாத்து..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் செத்துடுவன்னு நீ பயந்துக்கினு வரன்னு நெனச்சன். வர்ற வயி பூரா ஒன்ன தேத்திக்கினு வந்தன்."

"ஒனக்காவவும்தான்" என்றார் ஜான்சன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்கே உறைத்தது. ஏஞ்சல் கம்பியைப் பிடித்து மெல்ல எழும்பி, அவரை விட்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.