கல்லு காயுது

சிவந்தியால் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அந்தத் திருவொற்றியூர் வீட்டில் நடக்க என்ன இருக்கிறது, திரும்புவதற்குள் சுவர் வந்துவிடும்.

அடுப்புக்குப் பக்கத்தில் பலகைமேல் அவள் செய்த சர்க்யூட் போர்டு கிடந்தது. தீப்பெட்டி அகலம். காற்றில் விஷவாயு கலந்தால் கத்துகிற கருவி. ஐஸ்கிரீம் டப்பாவில் கெமிக்கல் ஊற்றி அரித்தெடுத்த செம்புக் கோடுகள், அவற்றின்மேல் சாம்பல் நிற ஈயப் பசை, பசையின்மேல் ரவை ரவையாகப் பாகங்கள். நடுவில் ஒரு சிப். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மற்றதை இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துவைத்துச் சுட்டதில் கருக்கிவிட்டாள்.

சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இது ஓடினால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. இன்டர்வியூவில் ஒருத்தன் அவள் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாரு டிகிரி?" என்று கேட்டான். யாருமில்லை என்றாள். "ஓ" என்றான். "இதை எல்லாரும்தான் கொண்டு வர்றாங்க. நீங்களே செஞ்ச போர்டு ஒண்ணு கொண்டு வாங்க." அந்த "ஓ" இன்னும் காதுக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இதைச் சுடுவதற்கென்றே காலேஜ் லேபில் மெஷின் இருக்கிறது. படிப்பு முடிந்தவர்களுக்கு இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மிஞ்சியது தோசைக்கல். அம்மா ராமசெல்வி தேரடியில் தோசைக்கடை போடுகிறவள். ஈயம் பட்டால் அப்புறம் அதில் தோசை ஊற்றக் கூடாது என்றதும், காது உடைந்த பழைய கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நீ நடக்கறத பாத்து எனக்குத் தல சுத்துது. ஒக்காருடி," என்றாள் தஸ்னீம். காலேஜில் பக்கத்து பெஞ்ச். தண்டையார்பேட்டையிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்தாள்.

"ஒக்காந்தா வேலை வந்துருமா?"

"கேஸையாவது பத்த வை. போர்டு தானா வேவாது."

பற்றவைத்து, போர்டைக் கல்லின் நடுவில் வைத்தாள் சிவந்தி. பசை முதலில் காயும், புகையும். பிறகு ஒரே நொடியில் சாம்பல் நிறம் போய் வெள்ளியாக உருகும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை மூச்சுக்கூடப் படாமல் விடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

புகை எழும்பியது. ஒரு மூலை பளபளத்தது.

"மின்னுதுடி!"

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் புகை போய்விட்டது. "சிவந்தி! கல்லு காயுது பாரு!"

பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் கடையில் தோசை ஊற்றிய கை. அந்தக் குரலுக்கு அதனிடம் ஒரே பதில்தான் உண்டு. அவளைக் கேட்காமலே சொம்புக்குள் போய் நனைந்து, கல்லின்மேல் தண்ணீரைத் தெளித்தது.

சுர்ர்ர்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ண!" தஸ்னீம் பதறினாள்.

கேஸை அணைத்தாள். ஆவி விலகியபோது சிப் கோணிக் கிடந்தது. பாகங்கள் சில தெறித்திருந்தன.

"எம்மா! இன்னாத்துக்குக் கத்துன?"

"கல்லு காயுதுன்னேன். தண்ணி தெளின்னா சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா!"

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா மேலா, கை மேலா, அந்த "ஓ" மேலா? தூக்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது. தஸ்னீம் ஆறிய போர்டைச் சாமணத்தால் கிள்ளித் தூக்கிப் பார்த்தாள்.

"சிப்பு ஒடையல. கோணிக்கினு கீது, அவ்ளோதான். இன்னொரு வாட்டி சுடு."

"மறுபடியும் கை போச்சுன்னா?"

"கையக் கட்டிப்புட்டா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெறித்ததையெல்லாம் புதுப் பசை தொட்டு ஒட்டவைத்ததும், சிவந்தியின் துப்பட்டாவாலேயே அவள் வலது கையை ஜன்னல் கம்பியோடு கட்டினாள். சொம்பு தெருவுக்குப் போனது.

"ஆன்ட்டி, நீ வாயத் தொறக்காத."

"என் வூட்டுல என்னையவா?" என்றாலும் ராமசெல்வி முந்தானையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டாள்.

மறுபடியும் புகை. மறுபடியும் வெள்ளி. இடது கைச் சாமணத்தால் சிப்பை லேசாகத் தள்ளினாள் சிவந்தி. உருகிய ஈயம் அதை இழுத்து நேராக உட்காரவைத்தது. கட்டுண்ட கை துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்தது.

"ஆஃப் பண்ணு!"

தஸ்னீம் அணைத்தாள். கல் தானாக ஆறட்டும் என்று விட்டார்கள்.

பேட்டரியை மாட்டிச் சிறிது நேரத்தில் போர்டு வீலென்று கத்தியது. நிறுத்தவேயில்லை.

"போச்சு. சும்மாவே கத்துது," என்றாள் தஸ்னீம்.

"நாம போட்ட புகைடி. ஜன்னலத் தொற, அடங்கிரும்."

ராமசெல்வி ஃபேக்டரிகளைப் பார்த்த ஜன்னலைத் திறந்தாள். புகை வெளியேறியது. போர்டு இன்னும் உச்சத்தில் கத்தியது. மூடினாள், இறங்கியது. திறந்தாள், ஏறியது. முந்தானையைத் துப்பிவிட்டு மூச்சை இழுத்து மோந்தாள்.

"ஒண்ணும் நாத்தம் வரலியேடி."

மற்ற இருவரும் இழுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை.

"ஓடுதுடி," என்றாள் தஸ்னீம், குரல் தாழ்ந்து.

"முடிச்சக் கழட்டு. பஸ்ஸு புடிக்கணும்."

பையில் போட்டபிறகும் அது கத்தியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"பேஜாரா கீது, ஆஃப் பண்ணுடி!"

"மாட்டேன்," என்றாள் சிவந்தி. "எங்க போய் அடங்குதுன்னு பாக்கறேன்."