குதிரைக்காரனும் ஃபேக்டரி பஸ்ஸும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மலேசியாவில், சினாவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையின் கேண்டீன். சொன்னவள் என்னோடு வேலை பார்க்கும் மாரியம்மா. தியானம் வரும் கதை என்பதால், ஏதாவது மரத்தடியில் கேட்டதாக எழுத ஆசைதான். ஆனால் அவள் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பாதிக் கதையில் மிளகாய் கேட்டு எழுந்து போனாள்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: "லிங்கி ஆற்றின்மேல் பனி கவிந்த அந்தக் காலையில், பஞ்சாலையின் ஆன்மா—"

அடித்துவிட்டேன். பஞ்சாலை என்பது ஒரு பெண்ணின் பெயர்; அவள் காலையில் ஆன்மாவைத் தேடியதில்லை. தீப்பெட்டியைத் தேடுவாள்.

2

போன வருஷம், 1988. பஞ்சாலை, ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. பால்வெட்டுக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவன் இறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சி ரூசாவில், கடற்கரைச் சாலையோரம் இருந்த ஒரு புத்தத் தியான மடத்தில் சமைக்கப் போவாள்.

அங்கே இருந்த இலங்கை பிக்குவுக்குத் தமிழ் சுமாராக வரும். மதியத்துக்குமேல் சாப்பிட மாட்டார். அதனால் மதியம் நெருங்க நெருங்க, சமையலறையை அவர் பார்க்கும் பார்வையில் பற்றின்மை குறைந்துகொண்டே போகும். அவர்தான் ஒருநாள், "நீயும் உட்கார். மூச்சைப் பார்" என்றார்.

"வேற வேல இல்லையா சாமி?"

"இதுதான் கஷ்டமான வேலை."

கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் செத்துப்போன புருஷன் சண்டைக்கு வந்தான். அந்தச் சமயத்தில், மௌன விரதம் தாங்காமல் பாதியில் ஓடிப்போன ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் மெத்தைக்கடியில், ஜோசியம் பார்க்கும் டாரட் அட்டைக்கட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு படம். பஞ்சாலை காலையில் ஓர் அட்டையை எடுத்து, நன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். புருஷன் வந்தான், படத்தைப் பார்த்தான், பேசாமல் போய்விட்டான்.

(டாரட் என்ற பெயர் அவளுக்குத் தெரியாது. தலைகீழாகத் தொங்குகிறவன் வௌவால் சாமி. மலை விளிம்பில் நாயோடு நடக்கிறவன் பராக்குப் பார்க்கிறவன். வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூடு, சாவு என்பது அதன் உண்மைப் பெயர், இவளுக்குக் குதிரைக்காரன்.)

பிக்குவிடம் காட்டிக் கேட்டாள். "ஜோசியம் சொல்லாதே. பொய் சொல்லாதே. படம் பார்க்கத் தடையில்லை" என்றார். பிறகு அடுத்த படத்தையும் காட்டச் சொன்னார்.

தோட்டத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? வந்தார்கள். பஞ்சாலை ஓர் அட்டையை எடுக்கச் சொல்வாள். "என்னா தெரியுது?" என்று கேட்பாள். அவ்வளவுதான். அவர்களே பேசி, அவர்களே அழுது, அவர்களே முடிவெடுத்து எழுந்து போவார்கள்.

3

இங்கே ஒரு சிக்கல். மாரியம்மாவின் கணவர் அமிர்தலிங்கம். தோட்டத்து மண்டோர், ஆட்களை மேய்க்கிறவர்; கோயில் கமிட்டித் தலைவரும் அவரே. அவரை வில்லனாக எழுதினால் கதை சுலபமாக ஓடும். பெரிய மீசை வைத்துப் பார்த்தேன். படித்துவிட்டு மாரியம்மா, "அவருக்கு மீச ஒழுங்கா வளராது லா" என்றாள். எடுத்துவிட்டேன்.

மீசை போனதும் தெரிந்தது பயம்தான். அப்போது தோட்டத்தில் இருந்த மாரியம்மாவுக்கு இந்த ஃபேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று அவர் பயந்தார். அதை அவளிடம் சொல்லாமல் கொட்டகைக்கு வந்தார்.

"பஞ்சால, நாளைக்கு மாரி உங்கிட்ட வரும். போகாதேன்னு அட்டையில வந்திருச்சுன்னு சொல்லிடு."

"பேய்ச்சீட்டு போடறவ கையில பிள்ளைங்கள விடலாமான்னு கமிட்டியில பேசுனது நீங்கதான அண்ணே?"

"அத இனிமே பேசல. நீ இத சொல்லு."

சொல்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். மறுநாள் காலை பஞ்சாலை உட்கார்ந்து மூச்சைப் பார்த்தாள். மூச்சு, "எங்க போவ?" என்று கேட்டது. அட்டையை எடுத்துப் பார்த்தாள். பராக்குப் பார்க்கிறவன் வந்தான். அவனும் உதவவில்லை.

4

மாரியம்மா வந்தாள். பின்னாலேயே அமிர்தலிங்கம், அந்த வழியாகப் போகிறவர்போல வந்து வாசலில் நின்றார். அவள் எடுத்தது குதிரைக்காரனை.

"பாத்தியா" என்றார் அவர். "சாவு."

"நீ சொல்லு மாரி" என்றாள் பஞ்சாலை. "என்னா தெரியுது?"

மாரியம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "பின்னால ரெண்டு தூணு. நடுவுல சூரியன் கெளம்புது. ஃபேக்டரி பஸ்ஸு இந்த நேரத்துக்குத்தான்க்கா வரும்."

"அந்த எலும்புக்கூடு?" என்றார் அமிர்தலிங்கம்.

"டிரைவரா இருக்கும்."

(இதை நான் எழுதவில்லை. எனக்கு இவ்வளவு வராது.)

பஞ்சாலை சிரிக்கவில்லை. "மாரி, போகாதேன்னு சொல்லச் சொல்லி இவரு எங்கிட்ட கேட்டாரு. சொன்னா என் வேல தங்கும். ஆனா இந்த அட்ட போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. இது காகிதம்."

தொட்டிலில் ஒரு குழந்தை விழித்து அழுதது. மாரியம்மா கணவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட நேரா கேட்டிருந்தா இருந்திருப்பேனே" என்றாள்.

5

மாரியம்மா பஸ் ஏறினாள். தெமியாங்கில் மற்ற ஃபேக்டரிப் பெண்களோடு ஓர் அறை எடுத்துக்கொண்டாள். பஞ்சாலைக்கு வேலை போயிற்று. சி ரூசா மடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். இந்த இடத்தில் அவள் ஞானம் பெற்றதாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். பிக்குவுக்கு நேரத்தில் சோறு கிடைத்தது என்பதுதான் உறுதியாகத் தெரிந்த விஷயம்.

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சில மாதம் கழித்து அமிர்தலிங்கம் சி ரூசாவுக்குப் போனார். சமையலறை வாசலில் நின்று, "எனக்கும் ஒண்ணு எடுக்கணும்" என்றார்.

பஞ்சாலை அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினாள். எடுத்தார். திருப்பவில்லை.

"என்னா தெரியுது?"

"பாக்கப் பயமா இருக்கு."

"அப்ப பாக்க வேணாம். செத்த உக்காருங்க."

பருப்பு வேகும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு அட்டையைப் பார்க்காமலேயே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பஞ்சாலை தடுக்கவில்லை. மிச்ச அட்டைகளைப் பரப்பிப் பார்த்தால் எது குறைகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை.

முடிவுக்கு நான் சில அட்டைகளை வைத்துப் பார்த்தேன். காதலர் அட்டை, சினிமா மாதிரி இருந்தது. இடி விழுந்த கோபுரம், சாபம் மாதிரி இருந்தது. எதுவும் ஒட்டாமல், மாரியம்மாவிடமே கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வருவாரு" என்றாள். "நாங்க இருக்கற வீட்டு கேட்டுக்கு வெளிய நிப்பாரு. அட்டைய நீட்டி, நீயே திருப்பிப் பாருங்கறாரு."

"நீ?"

"இன்னும் வாங்கல லா."

"எது வந்தா அவரோட போவ?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "நீதான எழுதற. உனக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். கேட்டுக்கு வெளியே நிற்கிறாரே, அவரிடம் சொல்லுங்கள். அட்டையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்து கேட்கச் சொல்லி.