கரண்டிச் சத்தம்

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக எனக்கு ஒரே வேலை: ஜனங்கள் அனுப்புகிற ஃபோட்டோவைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்வது. கழுகு என்பார்கள், பருந்தாக இருக்கும். அபூர்வம் என்பார்கள், யார் வீட்டிலிருந்தோ தப்பிய கிளியாக இருக்கும். ஊர்ப் பறவைப் பட்டியலில் கூண்டுப் பறவைக்கு இடமில்லை. இந்த வேலையில் நல்ல பெயர் கிடைக்காது, கழுத்துவலி கிடைக்கும்.

அதிகமாக ‘இல்லை’ வாங்கியவர் என் அக்கா வீட்டுக்காரர். தபால் பிரிக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் படுக்காமல் பைனாகுலரோடு பால்கனிக்குப் போய்விடுவார். பட்டியலில் ‘முதலில் பார்த்தவர்’ என்று ஒரு தடவையாவது தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சொந்தக்காரருக்குச் சலுகை என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே என்று, அவர் அனுப்புவதை மட்டும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

அன்று அவரே கூப்பிட்டதால் வேலை முடிந்து போனேன். பால்கனிக்கு எதிர் மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, மஞ்சள் மார்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு. டூக்கன் வகையில் சின்னது. நாங்கள் குடியேறியிருக்கும் இந்த நாட்டுக்குத் தெற்கே, வெகுதூரத்து மழைக்காடுகளில் இருப்பது.

“கால்ல வளையம் இல்லம்மா,” என்றார் அத்தான். “வாலும் தேயல. கூண்டுல கிடந்திருந்தா கம்பில உரசித் தேஞ்சிருக்கும். போன வாரப் புயல்தான் தள்ளிட்டு வந்திருக்கு.”

“நகமும் அளவாத்தான் இருக்கு, அத்தான்.”

சந்தேகப்பட இடம் கிடைக்கவில்லை. தேடவும் தெம்பில்லை. பட்டியலில் சேர்ப்பதற்கான ஃபாரத்தில் ‘காட்டுப் பறவை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அத்தான் தன் பெயரை எழுதிவிட்டு, இனிஷியல் சரியா என்று இரண்டு தடவை பார்த்தார். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

அக்கா டீ கொண்டுவந்தாள். சர்க்கரை போட்டுக் கலக்கினேன். கரண்டி கப்பில் நாலைந்து தடவை தட்டியது.

பறவை மரத்தை விட்டு நேரே பறந்து வந்து, பால்கனிக் கம்பியில் உட்கார்ந்து, என் கரண்டியைப் பார்த்து வாயைத் திறந்தது. யாரோ கரண்டியால் ஊட்டி வளர்த்த பிள்ளை.

அத்தான் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

“நான் எதையும் பாக்கல, அத்தான்,” என்றேன். “கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நெஞ்செலும்பு துருத்திட்டு நிக்குது பாரு. காட்டுப் பறவைன்னு எழுதிட்டா யாரும் பிடிக்க மாட்டாங்க. இதுக்குத் தானா தின்னத் தெரியல. பட்டினியா செத்துப்போகும்.” அக்கா பக்கம் திரும்பினார். “அந்தப் பப்பாளிய எடு.”

ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார்.

மறுநாள் அவர்கள் கட்டடத்தின் லிஃப்ட் கதவில் அச்சடித்த நோட்டீஸ் இருந்தது. ‘பறவை கிடைத்திருக்கிறது. எந்தச் சத்தத்துக்கு வரும் என்று சரியாகச் சொல்பவரிடம் ஒப்படைக்கப்படும்.’ கீழே அவருடைய பெயர், கொட்டை எழுத்தில்.

“இனிஷியல் சரியா இருக்கான்னு பாரும்மா,” என்றார் அத்தான்.

“சரியா இருக்கு, அத்தான்,” என்றேன்.