இமோவின் பின்னால் வந்தவை

காலையில் ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்று மேற்குச் சரிவில் காட்டாடுகளைச் சுடுகிறார்கள், யாரும் மேலே போக வேண்டாம் என்றது. கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். என் கிடா இமோ மேற்குச் சரிவில்தான் எங்கேயோ இருந்தான்.

புயலில் வேலி சாய்ந்ததும் என் ஐந்து பெட்டைகளும் ஓடின, பசித்ததும் திரும்பி வந்தன. இமோ வரவில்லை. பருவத்தில் இருந்த கிடா. காட்டுப் பெட்டைகளின் வாடை பிடித்துப் போய்விட்டான். குட்டை உடம்பு, பழுப்பு மயிர், முதுகில் கறுப்புக் கோடு. அதுதான் எங்கள் தொகாரா தீவுகளின் ஆடு. பால் நிறையத் தரும் என்று எவனோ ஒரு காலத்தில் படகில் கொண்டுவந்து இறக்கிய வெள்ளைக் கிடாக்கள் எல்லா இரத்தத்தையும் கலக்கிவிட்டன. எங்கள் தீவில் கலப்பில்லாத கிடா என்று மிஞ்சியது இவன் ஒருவன்தான். இவன் போனால் என் பெட்டைகள் கிழடாகிச் சாகும், இனமும் அதோடு சரி.

கூரையிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "போகாத, தொக்கியே. அவனுங்க கண்ணுக்கு நீயும் ஆடும் ஒண்ணுதான்."

"உங்க கண்ணுக்கு மட்டும் வேற மாதிரியா தெரியுது?" என்றேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். வாளியில் சர்க்கரைவள்ளித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அதைத் திருடித் தின்றே வளர்ந்தவன் அவன். இமோ என்ற பெயருக்கே கிழங்கு என்றுதான் அர்த்தம்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவன் தெத்சுரோ. பக்கத்து வீட்டில், என் கையால் சோற்றுருண்டை தின்று வளர்ந்தவன்.

"தெத்சு, என் கிடா மேல இருக்கான்டா."

"தெரியும்க்கா. ஆனா அவ்ளோ தூரத்துல எல்லாம் பழுப்பாத்தான் தெரியும். கழுத்துல ஒரு செவப்புத் துணியாவது கட்டியிருக்கலாம்ல?"

"அப்படித் துணி கட்டித்தானே இவன் அப்பன் கெடா மூங்கில்ல மாட்டித் தொங்கிச் செத்தான்!"

அவன் பெருமூச்சு விட்டான். "இன்னிக்கு வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. போன வருஷம் மலை எங்க வந்து கெடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். ஆடுகள் மொட்டையடித்த சரிவு ஒரே மழையில் பள்ளிக்கூட ரோட்டில் வந்து விழுந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை.

"நீங்க போய்க் கூப்பிடுங்க. அவனுக்குக் கயிறு போட்டு மேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தனும் சுட மாட்டான். அவன் வரலேன்னா, அப்புறம் என்னக் கேக்காதீங்க." தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான்.

அவர்கள் எனக்குப் பின்னால் மூங்கில் புதருக்குள் பரவினார்கள். யார் எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் முதுகு கூசியது. விரல் தவறி ஒருவன் அழுத்திவிட்டால்? அவசரத்தில் ஒருவன் இமோவைக் காட்டாடு என்று நினைத்துவிட்டால்? கடல் பக்கம் புல்வெளி விரிந்தது. வாளியை ஆட்டினேன். "இமோ!" என்று கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

பாறை இடுக்கிலிருந்து அவன் தலை எட்டிப் பார்த்தது. தாடியில் முள், கண்ணில் திமிர். நேராக வந்து வாளிக்குள் மூக்கை விட்டான். அழுதுவிட்டேன். கயிற்றை மாட்டி நிமிர்ந்தால், அவன் பின்னால் காடே நடந்து வருகிறது. வெள்ளை, பழுப்பு, புள்ளி, சினை ஆடுகள், குட்டிகள். மனிதத் தலை தெரிந்தாலே மறைகிற கூட்டம். இமோ தின்பதைப் பார்த்தன. பிறகு பயப்படாமல் என்னைச் சுற்றி வந்து நின்றன. ஒரு குட்டி என் செருப்பை மிதித்துக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தது.

மூங்கிலுக்குள்ளிருந்து தெத்சுரோவின் குரல் மெல்ல வந்தது. "அக்கா, வாளிய அங்கயே வச்சிட்டு வாங்க. மெதுவா."

அப்போதுதான் புரிந்தது. வாளி இருக்கும் வரை கூட்டம் வெட்டவெளியில் நிற்கும், அவர்கள் சுட வாகாக. வாளியை ஓர் உதை விட்டால் போதும், எல்லாம் சிதறி ஓடிவிடும். இமோவும் ஓடுவான். அவன் இழுக்கிற இழுப்புக்கு என் கையில் கயிறு நிற்காது. இன்னொரு தடவை கூப்பிட எனக்கு நேரம் தரமாட்டார்கள். குட்டியின் காலுக்கடியிலிருந்து செருப்பை மெல்ல உருவிக்கொண்டேன். வாளியை விட்டுவிட்டு நடந்தேன்.

மேட்டைத் தாண்டியதும் சுட்டார்கள். சத்தத்துக்கு மிரண்டு இமோ தரையோடு ஒட்டிப் படுத்தான். நான் அவன்மேல் விழுந்து அவன் காதுகளைப் பொத்தினேன். என் காதுகளைப் பொத்த ஆளில்லை. நெடுநேரம் சுட்டார்கள்.

சாயங்காலம் தெத்சுரோ சாராய பாட்டிலோடு வந்தான். "இத்தன வருஷமா வெட்டவெளிக்கு வராத கூட்டம்க்கா. இமோ பின்னாடி வந்துச்சு. இனிமே அவன ஒருத்தனும் தொட மாட்டான், நான் பொறுப்பு. ஆனா அடுத்த வருஷமும் கூட்டத்த வெளிய கூட்டிட்டு வர அவன முன்னாடியே மேல அனுப்பி வைக்கணும்."

"பாத்தியா, உன் கிடாவுக்கு அரசாங்க உத்தியோகம் கெடச்சிருச்சு!" என்றார் என் வீட்டுக்காரர். இருவரும் சிரித்தார்கள்.

அவனைச் சுடக்கூடாது என்பதுதான் காலையிலிருந்து நான் கேட்டது. அது கிடைத்துவிட்டது. கொட்டிலில் இமோ பெட்டைகளை முகர்ந்துகொண்டிருந்தான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த தடவை வேலி விழும்போது அவனுக்கு யார் பொறுப்பு என்று நினைத்தேன். தெத்சுரோவின் ஆரஞ்சுச் சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

"அனுப்புறேன்டா," என்றேன்.